டல்பெஹாக்கனில் இரண்டு யோஹான் கியோர்க் மில்லர்: எங்கள் மூதாதை எவர்?

பெர்க்ஸ் மருமகள்:

வணக்கம். இங்கே வம்சாவளி தேடுபவர்கள் பெரும்பாலும் மலேசியத் தோட்டம், பர்மா, நேட்டால் கரும்புக்காடு என்றுதான் எழுதுகிறீர்கள். என் கேள்வி வேறு திசை, ஆனால் பழைய ஆவணங்களில் ஊறியவர்கள் சிலர் இங்கே இருப்பது தெரியும், அதனால் கேட்கிறேன். என் கணவர் பென்சில்வேனியாக்காரர், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்த குடும்பம். குடும்பப் பெயரைப் பொதுவில் போட அவருக்கு விருப்பமில்லை, மில்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயரும் ஏறக்குறைய அவ்வளவு பரவலானதுதான்.

1790களில் ரெடிங் ஊரில், பெர்க்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில், உயில் பதிவான ஒரு யோஹான் கியோர்க் மில்லர் வரைக்கும் சங்கிலி உறுதியாக இருக்கிறது. மனைவி கத்தரீனா, பிள்ளைகள் ஏழு பேர், எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு. அவருக்கு மேலேதான் சிக்கல். இணையத்தில் இருக்கிற குடும்ப மரங்கள் அத்தனையும் ஒன்றையே சொல்கின்றன: தென்மேற்கு ஜெர்மனியின் கிரைஹ்காவ் பகுதியில் ஒரு கிராமத்தில் 1712ல் ஞானஸ்நானம் பெற்ற யோஹான் கியோர்க் 1738ல் கப்பலில் பிலடெல்பியா வந்தார், அவர் மகன்தான் எங்கள் ஆள். காரணம், 1760களின் வரிப்பட்டியலில் பெர்க்ஸில் இருக்கிற டல்பெஹாக்கன் வட்டாரத்தில் அதே பெயரில் இருவர், ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர். ஆனால் 1738ல் வந்தவருக்குக் கல்யாணம் 1741ல்தான் என்று சர்ச் ஏட்டில் இருக்கிறது, எங்கள் ஆள் 1754ல் நிலத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையனா நிலம் வாங்குவான்? போதாக்குறைக்குக் கப்பல் பட்டியலில் இதே பெயர் 1749லும் 1752லும் மறுபடி வருகிறது.

மாமியாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. அந்தக் கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், அடுத்த வருடம் போகலாம் என்று பேச்சு. யாரோ ஒருவருடைய ஊரில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய ஏடு:

தோழி, உங்கள் சந்தேகம் சரியானது. சீனியர், ஜூனியர் என்பதை வைத்து அப்பா, மகன் என்று முடிவு கட்டியதுதான் அந்த மரங்களின் முதல் ஓட்டை. அந்தக் காலத்து எழுத்தர் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவரைச் சீனியர் என்றும் இளையவரை ஜூனியர் என்றும் எழுதிவிடுவார். சித்தப்பா, அண்ணன் மகன், சொந்தமே இல்லாத அடுத்த தெருக்காரர், எதுவாகவும் இருக்கலாம். மூத்தவர் செத்துப்போனால் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் அடுத்த வருடப் பட்டியலில் சீனியர் ஆகிவிடுவார், அதையும் கவனியுங்கள். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் நெசவாளி, கொல்லர் என்று தொழிலைச் சேர்த்து எழுதுவார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஆளை மட்டும் தேடாதீர்கள். அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரில் இருந்த எல்லோரையும் தேடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டு, வருடவாரியாக எந்த ஊர், எந்த மனைவி, எவ்வளவு நிலம், யார் சாட்சி, யார் ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒருவர் 1768ல் மேரிலாந்து போய்விட்டார், இன்னொருவர் 1771ல் செத்தார் என்று தெரிய வரும்போது மிச்சம் நிற்பவர் தானாகத் தெளிவாகிவிடுவார். ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தால் கிடைக்கிற எல்லா ஆவணமும் அவருடையது போலவே தோன்றும், இணைய மரங்கள் அப்படித்தான் மூன்று பேர் வாழ்க்கையை ஒருவர் தலையில் ஏற்றுகின்றன.

பெயர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போகும். பையன்களுக்கு முன்னால் யோஹான் என்று சேர்ப்பது வழக்கம், கூப்பிடுவது இரண்டாவது பெயரை. ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் மூவரும் அண்ணன் தம்பிகளாக இருப்பார்கள். அதனால் ஆங்கில ஆவணங்களில் உங்கள் ஆள் ஜார்ஜ் என்றுதான் வருவார், ஜான் என்று வருவது அபூர்வம். யெர்க் என்றும் எழுதியிருப்பார்கள். யோஹானெஸ் என்று தனியாக இருந்தால் அவர் வேறு ஆள், அவரைத்தான் ஜான் என்பார்கள். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல அங்கே ஞானத்தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், அதனால் ஒரு கியோர்க் ஊரில் நாலு பேருக்கு ஞானத்தகப்பனாக நின்றால் அடுத்த தலைமுறையில் நாலு கியோர்க்குகள். இன்னொன்று, பிள்ளை இறந்துபோனால் அடுத்துப் பிறந்ததற்கும் அதே பெயரை வைத்துவிடுவார்கள். 1712 ஞானஸ்நானத்தைக் கண்டவர்கள் அந்தக் கிராமத்து அடக்கப் பதிவைத் திருப்பிப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். 1727 செப்டம்பரிலிருந்து பிலடெல்பியாவில் இறங்கும் ஜெர்மானிய ஆண்கள், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள், ராஜவிசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரைக்கும் உண்டு: கப்டன் கொடுத்தது ஒன்று, ராஜவிசுவாசப் பிரமாணத்துக்கு ஒன்று, அரசுரிமை கோரிய வேறு வாரிசை மறுக்கும் பிரமாணத்துக்கு ஒன்று. கப்டன் பட்டியலில் பெயர்களை ஆங்கிலக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், சிலவற்றில் வயதும் இருக்கும். பிரமாணப் பட்டியலில் அவரவர் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் பெயரை எழுத, இவர் ஒரு குறி போடுவார். 1934ல் ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்க்கியும் இவற்றை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள், இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். 1738, 1749, 1752 மூன்று கையெழுத்தையும் எடுத்து உயிலோடு வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: உயில் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் பிரதி எடுத்தது, அதில் கையெழுத்தும் எழுத்தருடையதுதான். கோப்பில் இருக்கும் அசல் உயிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

வரப்பு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நான் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பேன். ஆள் பெயர் மாறும், எழுத்துக்கூட்டு மாறும், ஓடையும் வரப்பும் நகராது.

பென்சில்வேனியாவில் நிலம் மூன்று படி. முதலில் விண்ணப்பித்து வாரண்ட் (நிலத்தை அளக்கச் சொல்லும் உத்தரவு), அப்புறம் அளந்து வரைபடம், கடைசியில் பட்டா. முதல் படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவே பல பத்து வருடம்கூட ஓடியிருக்கும், பட்டா பெற்றவர் விண்ணப்பித்தவரின் மகனாகவோ அவரிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கியவராகவோ இருக்கலாம். இந்த ஆவணங்கள் ஹாரிஸ்பர்க் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, வாரண்ட் பதிவேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிற வரைபடம். நாலு பக்கமும் யார் நிலம் என்று பெயர் எழுதியிருப்பார்கள். இரண்டு ஜார்ஜ் மில்லருக்கும் இரண்டு வரைபடம் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு அக்கம்பக்கம் வேறு வேறு என்று தெரியும், அதற்குப் பிறகு எந்த உயிலில் எந்த அக்கம்பக்கத்தார் சாட்சி போட்டிருக்கிறார்கள் என்று பிரித்துவிடலாம்.

கவுண்டி எல்லையை மறந்துவிடாதீர்கள். பெர்க்ஸ் 1752ல்தான் உருவானது. டல்பெஹாக்கன் அதற்கு முன்னால் லங்காஸ்டரில் இருந்தது, லங்காஸ்டரே 1729ல்தான் செஸ்டரிலிருந்து பிரிந்தது. மூத்தவருடைய பழைய பத்திரங்களைப் பெர்க்ஸில் தேடினால் கிடைக்காது, ஆள் நகரவே இல்லை, கவுண்டிதான் மாறியது.

வரிப்பட்டியலில் கல்யாணமாகாத, 21 வயது கடந்த ஆண்களைத் தனியாக எழுதித் தலைவரி போடுவார்கள். ஜூனியர் எந்த வருடம் அந்தத் தனிப் பட்டியலில் வருகிறார், எந்த வருடம் அதிலிருந்து குடும்பஸ்தர் பக்கம் நகர்கிறார் என்று பாருங்கள், வயதும் கல்யாணமும் ஓரளவுக்குக் கிடைத்துவிடும். அப்படி ஒரு பதிவே இல்லாமல் திடீரென்று நிலத்தோடும் மாட்டோடும் ஒருவர் தோன்றினால் வெளியிலிருந்து வந்தவராக இருக்கலாம். அதோடு 1740 சட்டப்படி, ஏழு வருடம் குடியிருந்து ஆலயத்தில் திருவிருந்து (நற்கருணை) எடுத்துவிட்டு வந்தால் பிரிட்டிஷ் குடியுரிமை தந்தார்கள், மத நம்பிக்கையால் சத்தியம் செய்ய மறுக்கும் மெனோனைட்டுகள் மாதிரி கிறிஸ்தவர்களுக்கும் பிற்பாடு வழி வந்தது. அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் கவுண்டியும் திருவிருந்து எடுத்த தேதியும் இருக்கும். 1752ல் வந்த ஆள் 1755 குடியுரிமைப் பட்டியலில் இருக்க முடியாது. இப்படிக் கழித்துக்கொண்டே போகலாம்.

யாரும் சொல்லாத இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. டல்பெஹாக்கனில் முதலில் குடியேறியவர்கள் பிலடெல்பியா வழியாக வரவே இல்லை. 1709ல் பாலட்டினேட்டிலிருந்து (ரைன் ஆற்றை ஒட்டிய ஜெர்மன் பகுதி) லண்டனுக்குப் போய், 1710ல் நியூயார்க் வந்து, ஹட்சன் கரையில் கப்பற்படைக்குத் தார் காய்ச்ச வைக்கப்பட்டு, அது தோற்றுப்போய், ஷோஹாரி பள்ளத்தாக்குக்கு நகர்ந்து, அங்கேயும் நிலச் சண்டையில் மாட்டி, 1723ல் சஸ்குவஹான்னா ஆறு வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் பெயர்பெற்ற மொழிபெயர்ப்பாளர் கொன்ராட் வைசர் 1729ல் வந்தார். அவர்கள் பிள்ளைகள் எந்தக் கப்பல் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் நியூயார்க்கிலேயே பிறந்தவர்கள். நீங்கள் சொன்ன மூன்று கப்பல் ஆட்களுமே தவறாக இருக்கலாம். நியூயார்க் ஆளுநர் ஹன்டர் அந்த அகதிகளுக்குப் படி அளந்த கணக்கேடு இருக்கிறது, ஹாங்க் ஜோன்ஸ் அந்த ஏட்டை அடிப்படையாக வைத்துக் குடும்பம் குடும்பமாக ஜெர்மன் கிராமங்களைக் கண்டுபிடித்து 1985ல் வெளியிட்டார். அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹாலே வாசகன்:

நான் சர்ச் பக்கத்திலிருந்து வருகிறேன். தரங்கம்பாடி மிஷன் கடிதங்களை வாசிக்கப் போய்த்தான் பென்சில்வேனியா எனக்கு அறிமுகமானது. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்குப் பின்பலமாக நின்ற அதே ஜெர்மனி ஹாலே நகரத்து மிஷன் நிறுவனம்தான் 1742ல் முய்லன்பெர்க் என்ற போதகரைப் பென்சில்வேனியா லூத்தரன் சபைகளுக்கு அனுப்பியது. இரண்டு ஊரிலிருந்தும் போன கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டார்கள், தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியா ஆவணங்களும் இன்றைக்கும் அங்கே ஒரே காப்பகத்தில் இருக்கின்றன. முய்லன்பெர்க் 1745ல் கொன்ராட் வைசரின் மகளைத்தான் மணந்தார், அதனால் டல்பெஹாக்கன் அவர் நாட்குறிப்புகளில் அடிக்கடி வரும். அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, பெயரடைவில் தேடுங்கள்.

ஏடுகளுக்கு வருவோம். அந்த வட்டாரத்தில் யோஹான் காஸ்பர் ஸ்டோவர் என்ற போதகர் 1730 முதல் 1779 வரை ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானமும் கல்யாணமும் செய்து தன் சொந்த ஏட்டில் எழுதி வைத்தார். ஒரே பெயர்ச் சிக்கலுக்கு அந்த ஏடு பெரிய சோதனை, ஏனென்றால் ஞானஸ்நானப் பதிவுகளில் பெரும்பாலும் தகப்பன் பெயர் மட்டும் எழுதுவார், தாய் பெயர் இருக்காது. ஆனால் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஊரை எழுதுவார், ஞானப்பெற்றோரையும் எழுதுவார். இரண்டு கியோர்க்குகளின் பிள்ளைகளையும் ஒரே தலைப்பில் யாராவது சேர்த்திருந்தால் ஞானப்பெற்றோரை வைத்துப் பிரியுங்கள். மூத்த பிள்ளைக்கு நின்றவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம், இல்லாவிட்டால் ஒரே கப்பலில் வந்தவர்கள்.

டல்பெஹாக்கனில் ஒரே சபை இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1730களிலும் 40களிலும் லூத்தரன்களுக்கும் மொராவியர்களுக்கும் (இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவு) பெரிய தகராறு நடந்து சபை உடைந்தது, 1743ல் கிறிஸ்து லூத்தரன் ஆலயம் தனியாக எழுந்தது, பழைய ரீட்ஸ் ஆலயம் ஒரு பக்கம், சீர்திருத்தச் சபை (கால்வின் வழிப் புராட்டஸ்டண்டுகள்) இன்னொரு பக்கம். ஒரு கியோர்க் லூத்தரன், இன்னொருவர் சீர்திருத்தச் சபை என்றால் அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடக்கப் பதிவில் வயதை வருடம், மாதம், நாள் என்று எழுதும் போதகர்கள் உண்டு, சிலர் பிறந்த ஊரையும் எழுதினார்கள். அது கிடைத்தால் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பிறந்த தேதியைப் பிடித்துவிடலாம். 1752 வரை ஆங்கிலேயர் பஞ்சாங்கம் 11 நாள் பின்தங்கியிருந்தது, ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700லேயே மாறிவிட்டன, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் பக்கத்து புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியான் என்ற கட்டணத் தளம் இருக்கிறது. கையெழுத்து பழைய குர்ரென்ட் வடிவம், பழக வேண்டும். 1689ல் பிரெஞ்சுப் படை பாலட்டினேட்டை எரித்தபோது பல ஏடுகள் போய்விட்டன, 1712 உங்களுக்குச் சிக்கல் தராது. கிராமத்துப் போதகர்கள் சில சமயம் ஓரத்தில் "பென்சில்வேனியா போனார்" என்று எழுதியிருப்பார்கள். அனெட் பர்கர்ட் வடக்கு கிரைஹ்காவுக்கும் மேற்குப் பாலட்டினேட்டுக்கும் இப்படிக் கிராம ஏடுகளையும் கப்பல் பட்டியல்களையும் பொருத்தித் தனித்தனிப் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறார், முதலில் அவற்றைப் புரட்டுங்கள்.

பெர்க்ஸ் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, சொல்கிறேன்.

கிரைஹ்காவ் கிராமத்து ஏட்டைப் பார்த்தேன். 1712ல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1715ல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது! 1716ல் அதே பெற்றோருக்கு இன்னொரு யோஹான் கியோர்க். அவர் 1740ல் அதே ஊரில் கல்யாணம் செய்து, 1771ல் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். ஆக அந்தக் கிராமத்திலிருந்து அந்தப் பெயரில் யாரும் கடல் தாண்டவே இல்லை. 1738ல் வந்தவரும் அந்த ஊர்க்காரர் இல்லை. மாமியாரிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, நிஜமான ஊரைத் தேடு என்றார்.

நில வரைபடம் கிடைத்தது, 1754ல் எங்கள் ஆளுடையது. மூத்தவர் நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம் மைல் கணக்கில் தள்ளி, அவர் சீர்திருத்தச் சபை ஏட்டில் வருகிறார், எங்கள் ஆளின் பிள்ளைகள் எல்லோரும் லூத்தரன். எங்கள் ஆள் தனிக்கட்டைப் பட்டியலில் எங்கேயும் இல்லை. 1756ல் பிறந்த முதல் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நின்ற இரண்டு ஆண்களின் பெயரும் 1749 கப்பல் பட்டியலில் எங்கள் பெயருக்கு மேலும் கீழும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் ஒரு இடறல்: 1749ல் வந்தவர் தன் கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அசல் உயிலில் இருப்பது வெறும் குறி. அப்படியானால் இவரும் இல்லையா?

பழைய ஏடு:

படுக்கையில் கிடந்தபடி போட்ட குறியை வைத்து எழுதத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. கை விழுந்திருக்கலாம், கண் போயிருக்கலாம். நாற்பது வருட இடைவெளியில் நல்ல கையெழுத்தே ஆள் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். திருப்பிப் பார்த்தால்தான் பலம் அதிகம்: இளம் வயதில் குறி போட்டவர் பின்னால் ஜெர்மன் எழுத்தில் தெளிவாகக் கையெழுத்திட்டிருந்தால் அது வேறு ஆளாக இருக்க வாய்ப்பு நிறைய. உங்களுக்கு வேண்டியது 1755க்கும் 1780க்கும் நடுவில் அவர் கையெழுத்து. பக்கத்து நிலத்துக்காரர்கள் உயிலில் சாட்சியாக இருக்கலாம், யாருடைய சொத்துக்காவது பிணை எழுதிக் கொடுத்திருக்கலாம், சாலை போடச் சொல்லி ஊரார் கொடுத்த மனுவில் இருக்கலாம்.

வரப்பு:

ரெடிங்கிலேயே சொத்து நிர்வாகக் கோப்புகளில் அந்த இரண்டு ஞானத்தகப்பன்களின் பெயரைத் தேடுங்கள், உங்கள் ஆள் பெயரைத் தேடாதீர்கள். அவர்களில் ஒருவர் முன்னால் செத்திருந்தால் சொத்து மதிப்பிட அக்கம்பக்கத்தார் இருவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள், மதிப்பீட்டுத் தாளில் அசல் கையெழுத்து இருக்கும். 1752 கப்பல் ஆளையும் விட்டுவிடாதீர்கள், அவர் எங்கே போனார் என்று தெரியாத வரைக்கும் 1749ஐ உறுதி என்று எழுத வேண்டாம். அவர் வர்ஜீனியா பக்கமோ வட கரோலினாவின் ரோவான் கவுண்டி பக்கமோ இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு, அந்தக் காலத்தில் பென்சில்வேனியாவிலிருந்து தெற்கே போகும் வண்டிப்பாதை முழுக்க ஜெர்மானியர்கள்தான். கணவர் நேர் ஆண் வாரிசு என்றால் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிற ஒய் டிஎன்ஏ சோதனையும் செய்யலாம், மூத்தவருடைய ஆண் வழியில் யாராவது சம்மதித்தால் இரண்டு குடும்பமும் ஒன்றா இல்லையா என்பது முடிந்துவிடும். சாதாரண டிஎன்ஏ சோதனைக்கு இத்தனை தலைமுறை ரொம்பத் தூரம்.

பெர்க்ஸ் மருமகள்:

டிஎன்ஏவுக்கு அவர் சரி என்றுவிட்டார். பர்கர்ட் புத்தகத்தில் அந்த ஞானத்தகப்பன்களில் ஒருவர் இருக்கிறார்! மேற்குப் பாலட்டினேட், ஸ்வைப்ரூக்கன் பக்கத்துச் சபை ஒன்று. எங்கள் பெயர் அதில் இல்லை. அடுத்து அந்தச் சபை ஏட்டில் என்ன பார்க்க வேண்டும்?

ஹாலே வாசகன்:

ஞானஸ்நானப் பதிவோடு நிறுத்தாதீர்கள். 1749ல் பதினாறு வயது தாண்டியிருக்க வேண்டும், அதனால் 1733க்கு முன்னால் பிறந்தவர்கள், 1720 வரைக்கும் பின்னோக்கிப் போங்கள். அந்தப் பெயரில் எத்தனை பிள்ளை வந்தாலும் எல்லோரையும் எழுதிக்கொண்டு 1749 வரை அடக்கப் பதிவில் ஒவ்வொருவராகக் கழியுங்கள். மிஞ்சியவர்களை 1734லிருந்து 1747 வரை திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பட்டியலில் தேடுங்கள், பதினான்கு வயதை ஒட்டி வருவார்கள், சில போதகர்கள் வயதும் எழுதியிருப்பார்கள். 1749க்குப் பிறகும் அந்த ஊரில் ஞானத்தகப்பனாகவோ மாப்பிள்ளையாகவோ அவர் பெயர் வந்தால் அவர் கப்பல் ஏறவில்லை. பக்கத்துச் சபைகளையும் பாருங்கள், ஒரு போதகர் இரண்டு மூன்று கிராமத்தைக் கவனித்துக்கொண்டது சாதாரணம். அந்த ஏடு இணையத்தில் இல்லையென்றால் ஷ்பையரில் பாலட்டினேட் திருச்சபையின் மைய ஆவணக்காப்பகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாசிக்கக் கடினமான பக்கம் இருந்தால் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து வாசிப்போம்.